புழு எச்சம் போல ஒட்டியிருக்கும் வண்டு: கத்தரிக்கு வருமா?

கேள்வி: ஐயா, கத்தரித் தோட்டத்து வேலியில் ஒரு செடி. அதன் இலைகளில் புழு எச்சம் மாதிரி கருப்பாக, சொரசொரப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. தொட்டதும் உருண்டு விழுந்தது, கொஞ்ச நேரத்தில் எழுந்து நடக்கிறது! இரண்டு படம் அனுப்பியுள்ளேன். என்ன பூச்சி இது? கத்தரிக்கு மருந்து அடிக்கவா?

பதில்: மருந்து வேண்டாம். முதல் படத்தில் இருப்பது இலை வண்டுக் குடும்பத்தில் ஒரு சிறு கூட்டத்தைச் சேர்ந்தது. மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். முதுகெல்லாம் மரு மருவாக மேடு. ஆபத்து என்றால் காலையும் உணர்கொம்பையும் அடிவயிற்றுப் பள்ளங்களில் மடக்கிக்கொண்டு விழுந்துவிடும். எச்சத்தை யார் தின்பார்கள் என்று பறவையும் விட்டுவிடும்.

உங்களுடைய இரண்டாவது படம்தான் எனக்கு அதிகம் உதவியது. இலையில் சாய்வாக நிற்கும் அந்தப் பழுப்புக் கூடு இதன் புழுவுடையது. தாய் ஒவ்வொரு முட்டையையும் தன் எச்சத்தாலேயே மூடிவிடும். பொரித்த புழு அந்த மூடியைச் சுமந்தபடி மேயும், வளர வளரத் தன் எச்சத்தைச் சேர்த்துக் கூட்டைப் பெரிதாக்கும், கடைசியில் அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகும். பைப்புழுவோ (பை போன்ற கூட்டைச் சுமந்து திரியும் ஒரு அந்துப்பூச்சியின் புழு) என்று பலர் குழம்புவார்கள். பைப்புழுவின் கூட்டில் பட்டு நூலும் சுள்ளி, இலைத் துணுக்கும் இருக்கும், இதில் இருக்காது.

கிளாமிசஸ் என்ற பேரினமாக இருக்கலாம் என்பதுவரை சொல்வேன். எந்த இனம் என்பதைப் படத்தை மட்டும் பார்த்துச் சொல்பவரை நம்பாதீர்கள். பல இனங்களை ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். அதைவிட முக்கியம், என்ன செடி என்று நீங்கள் எழுதவே இல்லை! இவற்றில் பல, குறிப்பிட்ட சில செடிகளை விட்டு நகராதவை. அமெரிக்காவின் வடகிழக்கில் இவற்றின் உறவு வண்டு ஒன்று புளூபெர்ரியைத் தின்கிறது. வேறொன்று அங்குள்ள பிளாட்டனஸ் என்ற மரத்தோடு சரி.

அடுத்த முறை மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒன்று, அளவுக்கு அருகில் ஒரு ரூபாய் நாணயம், அப்புறம் பூவோடு முழுச் செடியும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் நாலைந்து வண்டுகளை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு, ஊர், தேதி, செடியின் பெயரைப் பென்சிலால் எழுதி உள்ளே இட்டு, கோவை வேளாண் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறைக்கு அனுப்புங்கள். பேனா மை கரைந்துவிடும்.

கத்தரியில் நீங்கள் தேட வேண்டியது வேறு. இலையின் பச்சையம் சுரண்டப்பட்டு நரம்பு மட்டும் சல்லடையாக நிற்கிறதா? அடியில் முள்முள்ளான மஞ்சள் புழு இருக்கிறதா? அது எபிலாக்னா வண்டு. முட்டைக் குவியல், புழுவோடு அந்த இலைகளைக் கிள்ளி அழித்தாலே ஆரம்பத்தில் அடங்கிவிடும். வேலிச் செடியைச் சும்மா விடுங்கள்.