அண்ணனிடம் எந்தக் கேள்வியைக் கேட்பது?

உங்கள் அண்ணன், பழைய இலத்தீன் பூசையையே பிடித்துக்கொண்டு ரோமோடு முரண்படும் கத்தோலிக்கக் குருக்களின் பத்தாம் பயஸ் சபைப் பக்கம் போய்விட்டார், "பாப்பரசர் மரபோடு ஒத்துப்போனால்தான் கீழ்ப்படிவேன்" என்கிறார், கலாத்தியர் 2:11 காட்டி வாயடைக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

அந்த வசனத்தோடு மல்லுக்கட்டாதீர்கள், தோற்றுப்போவீர்கள். அந்தியோக்கியாவில் பவுல் பேதுருவை முகத்துக்கு நேரே எதிர்த்தது உண்மைதான். ஆனால் அவர் கண்டித்தது பேதுருவின் நடத்தையை. இங்கே கேள்வி வேறு: மரபு எது என்று கடைசியாகத் தீர்ப்புச் சொல்வது யார்? விசுவாசத்தில் மட்டுமல்ல, ஒழுங்கிலும் ஆட்சியிலும் பாப்பரசருக்குக் கீழ்ப்படியச் சொன்னது 1870இன் முதலாம் வத்திக்கான் சங்கம், அதாவது உலக ஆயர்கள் கூடிய பொதுக்கூட்டம். அண்ணன் மதிக்கிற சங்கம்தான்!

1988ஐப் பற்றிக் கேளுங்கள். அந்தச் சபையைத் தொடங்கிய பேராயர் லெபெவ்ர் மே 5 அன்று ரோமோடு உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டார், மறுநாளே பின்வாங்கினார். ஜூன் 30, சுவிட்சர்லாந்தின் எக்கோனில், பாப்பரசரின் அனுமதியில்லாமல் நான்கு பேரை ஆயர்களாக்கினார். "அவசர நிலை" என்றார். அவசரம் என்று முடிவுகட்டியது யார்? அவரேதான். அப்போது அவரைவிட்டுப் பிரிந்த சில குருக்கள் புனித பேதுரு சபையைத் தொடங்கி, அதே இலத்தீன் பூசையை ரோமோடு சேர்ந்தே வைத்தார்கள்.

(இப்போது உண்மையான பாப்பரசரே இல்லை என்கிற 'அரியணை காலி' கோஷ்டி பத்தாம் பயஸ் சபையாரைச் சொந்தத் தீர்ப்புக்காரர்கள் என்று கேலி செய்யும். பாப்பரசரே இல்லை என்பது மட்டும் யார் தீர்ப்பாம்?)

பிரிவினைக்காரர் என்று மட்டும் திட்டிவிடாதீர்கள். அந்த நான்கு ஆயர்கள் மீதான திருச்சபை விலக்குத் தண்டனை 2009இல் நீங்கியது. பத்தாம் பயஸ் சபைக் குருக்களிடம் செய்யும் பாவசங்கீர்த்தனம் செல்லும் என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் அறிவித்தார். அந்தக் குருக்கள் முன் கல்யாணம் என்று பேச்சு வந்தால் மறைமாவட்ட ஆயரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.