கூடுவாஞ்சேரி தாண்டி அரை கிரவுண்டு

கேள்வி: எனக்கு 51 வயது. சிங்கப்பூர்க் குடிமகன். ஈசூனில் கடன் தீர்ந்த வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, கையில் 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). சென்னைக்குத் தெற்கே கூடுவாஞ்சேரி தாண்டி வயல்காட்டுப் பக்கம் 1,200 சதுர அடி மனை ஒன்று வந்திருக்கிறது. கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தால் விலை ஏறும் என்கிறார் முகவர். ஊரிலுள்ள மச்சான் பெயரில் வாங்கிப் போடலாமா?

பதில்: மச்சான் பெயரில் வேண்டவே வேண்டாம். உங்கள் பணம், அவர் பெயர் என்றால் அது பினாமிச் சொத்து. பறிமுதல் வரை போகும். அப்புறம் மச்சான் நல்லவர்தான், அவர் பிள்ளைகள்?

உங்கள் பெயரில் வாங்க ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தருவது) வேண்டும். அது இருந்தாலும் வீட்டுமனை வாங்கலாம், விவசாய நிலம் கூடாது. அந்தப் பக்கத்தில் சிக்கலே இதுதான். நேற்று நெல் விளைந்த இடத்தில் இன்று கல் நட்டுக் கொடி கட்டி விற்கிறார்கள். பதிவேட்டில் இன்னும் நஞ்சையாகவே இருக்கலாம். டிடிசிபி அல்லது சிஎம்டிஏ (மனைப்பிரிவுகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்புகள்) அங்கீகாரம், பட்டா, 30 ஆண்டு வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் உங்கள் வக்கீல் பார்க்கட்டும், முகவர் காட்டும் வக்கீல் அல்ல. பணம் வங்கி வழியாக மட்டுமே போகவேண்டும்.

இடத்தை மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள். முகவர் மே மாதம்தான் கூட்டிப்போவார்! ஏரிகள் நிறைந்த பகுதி அது. 2015 டிசம்பரில் தாம்பரம் பக்கத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியது நினைவிருக்கும்.

கிளாம்பாக்கம் திறந்தது 2023 டிசம்பரில். விற்பவருக்குத் தெரியாத செய்தியா அது? விலையில் அதை எப்போதோ சேர்த்திருப்பார். பத்திரச் செலவு சுமார் 9%. விற்கும்போது வரியைப் பிடித்துக்கொண்டுதான் பணம் வரும். அதுவரை ஒரு காசு வாடகை கிடையாது.

ஓய்வுக்காலத்துக்கென்றால், ஆறு மாதச் செலவை எடுத்து வைத்துவிட்டு, மசேநிதி (மத்திய சேமநிதி, சிங்கப்பூரின் கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்பு) சிறப்புக் கணக்கை ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை ரொக்கமாக நிரப்புங்கள். குறைந்தது 4% வட்டி, வரிக்கழிவும் உண்டு. போட்ட பணத்தை நினைத்தபோது எடுக்க முடியாது என்பது ஒன்றுதான் குறை. 51 வயதில் அதை நான் குறையாக நினைக்கவில்லை.

இல்லை, ஊரில் ஒரு துண்டு மண் வேண்டும் என்ற ஆசையா? சரி, அது வேறு கணக்கு. ஆனால் மொத்தச் சேமிப்பையும் அதில் கொட்டாதீர்கள். வேலி போட்டு, கருவேலம் வெட்டி, கல் நகராமல் பார்த்துக்கொள்ள அங்கே யார் இருக்கிறார் என்று முதலில் எழுதுங்கள்.