போர்டு அப்புறம், முன்பணம் முதல்ல: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல காரைக்குடியில நான் நடத்துற சின்ன கடையப் பத்தி எழுதியிருந்தேன்ல, பழைய வீட்டு முகப்ப வாடகைக்கு எடுத்து கொட்டான் (பனையோலையில பின்னுற கூடை), கண்டாங்கி சேலை, துணிப்பை, கருப்பட்டின்னு வச்சு விக்கிறது, செய்றவங்களுக்கு சரியான காசு போகணும்னு பாக்குறது. அதுக்கு நிறைய கடிதம் வந்திருக்கு. எல்லாத்துக்கும் இங்க இடம் இல்ல, அடிக்கடி வந்த கேள்விகள மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருந்து வந்துட்டாக. கையில மூணு லட்சம் இருக்கு, வீட்டு முகப்பும் சும்மாதான் கிடக்கு. சுற்றுச்சூழலுக்குக் கெடுதி இல்லாத பொருளா வச்சு ஒரு கடை போடலாம்னு ஆசை. எதுல ஆரம்பிக்கலாம்? (தேவகோட்டை வாசகி)

முதல்ல அந்த மூணு லட்சத்துல ஒரு லட்சத்த தனியா எடுத்து வச்சிருங்க, அது கடைக்கான காசுன்னே நினைக்காதீங்க, பொருள் செய்றவங்களுக்குக் குடுக்க வேண்டிய முன்பணம் அது. ஏன் இத முதல்ல சொல்றேன்னா, ஓலை பின்னுறவங்க குருத்தோலை வாங்கும்போது மரம் ஏறுறவருக்கு கையில காசு குடுக்கணும், சாயத்துக்கும் காசு குடுக்கணும், ஆனா கொட்டான் வித்து காசு வர ரெண்டு மாசம் ஆகும். அந்த இடைவெளியில அவங்க வியாபாரிகிட்ட கடன் வாங்குறாங்க, கடன் குடுத்தவர் சொல்ற விலைக்குத்தான் கொட்டான் போகும், வேற ஆளுக்கு விக்கவும் முடியாது. நாம எவ்வளவு நல்ல மனசோட கடை போட்டாலும் இந்த முடிச்சு அவிழலேன்னா ஒண்ணும் மாறாது. ஃபேர் ட்ரேட், அதாவது செய்றவங்களுக்கு நியாயம் கிடைக்கிற வியாபாரம், அதுக்குன்னு இருக்கிற உலக நியாய வணிக அமைப்பு வச்சிருக்கிற பத்து கொள்கையில ஒண்ணுலயே இது வருது, கைவினைப் பொருளுக்கு செய்றவங்க கேட்டா குறைஞ்சது 50 சதவீதம் முன்பணம் குடுக்கணும்னு. நான் கேக்குறதுக்கு முன்னாடியே குடுத்துருவேன், ஏன்னா கேக்க கூச்சப்படுறவங்கதான் அதிகம்.

அடுத்தது சரக்கு. நான் பண்ணின தப்ப நீங்க பண்ணாதீங்க, முதல் வருஷம் கிட்டத்தட்ட அறுபது விதமான பொருள் வாங்கி அடுக்கினேன், மூங்கில் பிரஷ், தேங்காய் ஓட்டு கிண்ணம், ஸ்டீல் ஸ்ட்ரா, வேப்பமரச் சீப்பு, எல்லாம் எங்கெங்கயோ இருந்து கூரியர்ல. மூங்கில் பிரஷ் பெட்டிய திறந்தா உள்ள சுத்தி சுத்தி பபிள் பிளாஸ்டிக், பிரஷ்ஷ விட அதுதான் எடை ஜாஸ்தி இருக்கும் போல, அன்னைக்கு உக்காந்து அதப் பிரிச்சுக்கிட்டு இருக்கும்போது மனசுக்கு ரொம்ப கஷ்டமா போச்சு. அதுக்கப்புறம் ஒரு முடிவு எடுத்தேன், டவுன் பஸ்ல போய் நான் நேர்ல பாத்துட்டு வர முடியாத இடத்துல இருந்து எதுவும் வாங்குறதில்ல. இப்ப கடையில பதினோரு பொருள்தான், ஆனா ஒவ்வொண்ணும் யார் வீட்டு திண்ணையில செஞ்சதுன்னு எனக்குத் தெரியும்.

யார் வாங்குவாங்கன்னு யோசிச்சு வச்சுக்கங்க. வெளியூர்க்காரங்க, வீடு பாக்க வர்ற டூரிஸ்ட் எல்லாம் மழை முடிஞ்சு மாசி வரைக்கும் வருவாங்க, அப்புறம் வெயில்ல ஒருத்தரும் வரமாட்டாங்க. வருஷம் முழுக்க கடைய தூக்கி நிறுத்துறது நம்ம ஊர் விசேஷ வீடுங்கதான். கல்யாணம், அறுபதாம் கல்யாணம், புதுமனைன்னு தாம்பூலத்துக்கு கவர் குடுக்குற இடத்துல சின்னக் கொட்டான் குடுக்கலாம்னு ஒருத்தர் ஆரம்பிச்சா அந்த வளவுல நாலு பேர் கேப்பாங்க. ஆனா 300 கொட்டான் வேணும், இருபது நாள்ல வேணும்னு வந்தா முடியாதுன்னு சொல்லிருங்க. தாம்பூலக் கொட்டான் ஒருத்தர் ஒரு நாளைக்கு மூணு பின்னுவாங்கன்னு வச்சா ஆறு பேர் சேந்து 18, முந்நூறுக்கு 17 நாள், அது வெறும் பின்னலுக்கு மட்டும். ஓலை காயணும், சாயம் ஏத்தணும், கிழிக்கணும், நடுவுல மழை வரும், ஒருத்தர் வீட்டுல காய்ச்சல் வரும். நான் ரெண்டு மாசம் கேப்பேன். ஆர்டர் போயிருமேன்னு பயந்து ஒத்துக்கிட்டா ராத்திரி முழுக்க கண்ணு வலிக்க பின்னப்போறது நீங்க இல்ல, அந்த அக்காமார்தான்.

கேள்வி: "ஃபேர் ட்ரேட் கடை"ன்னு போர்டு எழுதலாமா? சர்டிஃபிகேட் இல்லாம எழுதினா பிரச்சனை வருமா? (பள்ளத்தூர் வாசகர்)

ரெண்டு விஷயத்த குழப்பிக்கிறோம். ஃபேர்ட்ரேட் முத்திரைன்னு பாக்கெட்ல வர்றது பொருளுக்கு உள்ளது, காபி, தேயிலை, பருத்தி மாதிரி பெரும்பாலும் விளைபொருளுக்கு. உலக நியாய வணிக அமைப்புல சேர்றது நிறுவனத்துக்கு உள்ளது, நீங்க எப்படி நடந்துக்கிறீங்கன்னு மொத்தமா பாப்பாங்க. ரெண்டுக்கும் காசு செலவு இருக்கு, ஒத்தை ஆளா நடத்துற கடைக்கு ஆரம்பத்துலயே அது தேவையில்லன்னுதான் நான் சொல்லுவேன். ஆனா வாங்காத முத்திரைய போர்டுல போடாதீங்க.

"ஈகோ ஃப்ரெண்ட்லி", "பசுமை", "இயற்கை"ன்னு சும்மா எழுதுறதுலயும் கவனம் வேணும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபர்ல இதுக்குன்னே வழிகாட்டு நெறிமுறை போட்டிருக்கு, அப்படிச் சொன்னா எந்த வகையில, எதுக்கு ஆதாரம்னு சொல்லத் தெரியணும். அதே மாதிரி ஆர்கானிக்னு பாக்கெட் போட்டு கடையில அரிசி, பருப்பு வித்தா சான்று வேணும், சின்ன விவசாயி தானே நேரடியா சாப்பிடுறவங்களுக்கு விக்கும்போது கிடைக்கிற விலக்கு நடுவுல இருக்கிற நமக்குப் பொருந்தாது. எங்க போர்டுல இருக்கிறது இவ்வளவுதான்: "இந்தப் பக்கத்து ஊர்கள்ல கையால செஞ்சது. செஞ்சவங்களுக்கு எவ்வளவு போச்சுன்னு கேளுங்க, சொல்றோம்." இதுக்கு எந்த சர்டிஃபிகேட்டும் வேண்டாம், ஆனா கேட்டா சொல்லியே ஆகணும்.

கேள்வி: "சந்தையில இதே கூடை 150 ரூபாய், நீங்க 680 சொல்றீங்களே"ன்னு கேக்குறாங்க, பதில் சொல்லத் தெரியல. (காரைக்குடி, கடை வச்சிருக்கும் தம்பி)

தம்பி, கோவப்படாதீங்க, கணக்க எடுத்து முன்னாடி வைங்க. உதாரணத்துக்கு ஒரு நாள் முழுக்க உக்காந்து பின்னுற பெரிய கொட்டான எடுத்துக்கங்க. நூறு நாள் வேலைக்கு தமிழ்நாட்டுல 2025-26க்கு அறிவிச்ச கூலியே ஒரு நாளைக்கு 336 ரூபாய். ஒரு நாள் பின்னலுக்கு அதுக்கும் கீழ குடுத்தா அந்த அக்கா ஏன் பின்னணும், அவங்க மக ஏன் கத்துக்கணும்? அதனால கூலி 350, ஓலை சாயம் 50, ஆச்சு 400. கடை வாடகை, கரண்ட், உதவிக்கு இருக்கிற பொண்ணு சம்பளம் எல்லாம் பிரிச்சா ஒரு கொட்டான் மேல 160 விழுது. பை, சீட்டு 20. விக்காம போறது, வீணாப் போறது 40. எனக்கு 60. மொத்தம் 680, அதுல பாதிக்கு மேல பின்னினவங்க கைக்குப் போகுது.

இந்தக் கணக்க ஒரு சின்ன சீட்டுல எழுதி கொட்டானுக்குள்ள போட்டு வச்சிருக்கேன். முதல்ல கூச்சமாத்தான் இருந்துச்சு, நம்ம லாபத்த ஊருக்கே சொல்றோமேன்னு. ஒரு நாள் ஒரு வயசான ஆச்சி வந்தாக, கொட்டான கையில எடுத்து அடிய திருப்பிப் பாத்தாக, விளிம்ப விரலால தடவிப் பாத்தாக, அப்புறம் கண்ணாடியப் போட்டுக்கிட்டு சீட்டப் படிச்சாக. "எங்க அப்பத்தா பின்னுனது இன்னமும் பரண்ல கெடக்கு, அதுக்கு யாரும் கூலி எழுதி வைக்கல"ன்னு சொல்லிட்டு ரெண்டு எடுத்துக்கிட்டாக, விலையே பேசல. எல்லாரும் அப்படி இருக்க மாட்டாங்க, பத்துல ஆறு பேர் சீட்டப் படிச்சுட்டும் வச்சுட்டுப் போயிருவாங்க, போகட்டும். ஒரே ஒரு விஷயம் மட்டும் செய்யாதீங்க தம்பி, பேரம் பேசுறவங்களுக்காக விலையக் குறைச்சுட்டு அத பின்னுறவங்க கூலியில கழிக்காதீங்க. குறைக்கணும்னா உங்க 60ல குறைங்க.

கேள்வி: துணி மாதிரி இருக்கிற கலர் பை மலிவா கிடைக்குதே, அத வாங்கிக் குடுக்கலாமா? (கோட்டையூர் வாசகி)

வேண்டாங்க. பாக்கத் துணி மாதிரி இருக்கும், அது "நான்-ஓவன்"னு (non-woven) சொல்ற நெய்யாத ரகம், முழுக்க பிளாஸ்டிக்தான். 2019 ஜனவரி 1ல தமிழ்நாட்டுல தடை பண்ணின 14 பொருள்ல அதுவும் இருக்கு. மக்கிப்போகும்னு எழுதின கவரும் நம்ம வீட்டுக் குப்பைமேட்டுல போட்டா மக்கும்னு நம்பாதீங்க, பெரும்பாலும் அது தனி ஆலையில சூடு வச்சு மக்க வைக்கிற ரகம். மஞ்சப்பை போதும். டெய்லர் கடையில மிஞ்சுற துண்டுத்துணிய வாங்கி பக்கத்து வீட்டுல தைக்கக் குடுக்குறேன், பத்து ரூபாய்க்கு விக்கிறேன், திருப்பிக் கொண்டு வந்தா பத்து ரூபாய குடுத்துருவேன்.

கேள்வி: கண்டாங்கின்னு சொல்லி வர்றது கைத்தறியா பவர்லூமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? (கானாடுகாத்தான் வாசகர்)

காரைக்குடி கண்டாங்கிக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, கைத்தறி முத்திரைன்னு தனியா ஒண்ணும் இருக்கு, ரெண்டையும் கேட்டுப் பாருங்க. சேலைய மட்டும் வச்சுக் கண்டுபிடிக்கிறது பழகின கண்ணுக்கே சில நேரம் தப்பும். ஊருக்குள்ளயே தறி இருக்கு, போய் பாருங்க. தறிக்குழியில கால் மிதிக்கிற சத்தம், கட்டம் மாறும்போது நெய்ற அண்ணன் நிறுத்தி நாடாவ (ஊடு நூல் ஓடுற கட்டைய) மாத்துறது, கரை ரெண்டு பக்கமும் சமமா வருதான்னு குனிஞ்சு பாக்குறது, இதெல்லாம் ஒரு தடவ பாத்துட்டீங்கன்னா கடைக்கு வர்றவங்ககிட்ட சொல்றதுக்கு உங்களுக்கே வார்த்தை தானா வரும். அங்கேயே விலை பேசி, அங்கேயே முன்பணம் குடுங்க.

கேள்வி: ஆத்தங்குடி கல்லு (தரையில பதிக்கிற பூ டைல்ஸ்) சூழலுக்கு நல்லதுன்னு சொல்லி விக்கலாமா? (குன்றக்குடி வாசகர்)

பாதி சொல்லலாம். கண்ணாடி மேல அச்சு வச்சு, கரண்டியால கலர ஊத்தி, அச்ச எடுத்துட்டு மேல சிமெண்டும் மணலும் போட்டு, அப்புறம் தண்ணியில ஊறப்போட்டு காய வைக்கிறதுதான், சூளையில சுடுறதில்ல, அந்தப் பளபளப்பும் கண்ணாடியில இருந்து வர்றது. சூளை இல்லேங்குறத தைரியமா சொல்லுங்க. ஆனா உள்ள இருக்கிற சிமெண்ட் சூளையில இருந்து வந்ததுதான், அத மறைக்காதீங்க. பக்கத்துல செய்றது, கைவேலை, தலைமுறைக்கும் கிடக்கும், அது போதும் விக்கிறதுக்கு.

கேள்வி: மழைக்காலத்துல கொட்டான் எல்லாம் பூசணம் பூத்துருது, என்ன பண்றது? (பல பேர்)

எனக்கு ஒரு ஐப்பசியில நாப்பது கொட்டான் போச்சு. தூசி படக்கூடாதுன்னு பிளாஸ்டிக் கவர்ல கட்டி பீரோவுக்குள்ள வச்சேன், அதான் தப்பு. ஓலை மூச்சு விடணும். மரப்பலகையில தள்ளித் தள்ளி வைங்க, ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்காதீங்க, வாரம் ஒருக்கா காஞ்ச துணியால உள்ளயும் வெளியயும் துடைங்க, வெயில் அடிச்சா காலையில கொஞ்ச நேரம் காட்டிட்டு நிழலுக்குக் கொண்டு வந்துருங்க, உச்சி வெயில்ல வச்சா சாயம் வெளுத்துரும். பூத்துப்போன அந்த நாப்பதுக்கும் நான் முழுக்காசு குடுத்துட்டேன், என் பீரோவுல நடந்ததுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க.

கேள்வி: நான் கொட்டான் பின்னுறேன். ஒரு கடையில 12 கொட்டான் எடுத்துக்கிட்டு பாதிக் காசு குடுத்தாக, மீதிய வித்தப்புறம் தாரேன்னாக. நாலு மாசம் ஆச்சு. கேட்டா இன்னும் விக்கலேன்றாக. கேக்குறது தப்பா? (ஊர் பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்ட வாசகி)

தப்பே இல்ல அக்கா. எனக்கு வந்த கடிதத்துலயே உங்க கடிதத்தத்தான் திரும்பத் திரும்பப் படிச்சேன்.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கணும், அவங்க உங்ககிட்ட வாங்கினாங்களா, இல்ல வித்துத் தர வச்சிருக்காங்களா? வாங்கினதுன்னா காசு குடுத்தாகணும். வித்துத் தர வச்சிருக்கிறதுன்னா விக்காதத திருப்பித் தரணும், எத்தன நாள்லன்னு முன்னாடியே பேசியிருக்கணும். வாய்ப்பேச்சா இருக்கிறதுனாலதான் அவங்க வசதிக்கு மாத்திக்கிறாங்க. அடுத்து சிறு தொழில் செய்றவங்களுக்கு உத்யம்னு ஒரு அரசாங்கப் பதிவு இருக்கு, ஆன்லைன்ல, காசு கிடையாது, வீட்டுல இருந்து பின்னுறவங்களும் பதியலாம், உங்க புள்ளைங்கள விட்டு போன்லயே போடச் சொல்லுங்க. சிறு குறு தொழில் செய்றவங்க குடுத்த சரக்குக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள்ள காசு குடுக்கணும்னு 2006ல வந்த சட்டமே இருக்கு, தாண்டினா வட்டியோட குடுக்கணும், குடுக்கலேன்னா புகார் சொல்லவும் வழி இருக்கு. பழைய 12 கொட்டானுக்கு அது உதவுதோ இல்லையோ, இனிமே குடுக்குற ஒவ்வொண்ணுக்கும் உதவும். கைவினைஞர் அடையாள அட்டையும் எடுத்துக்கங்க, கண்காட்சியில கடை போடணும்னா கேப்பாங்க.

இப்பவே செய்ய வேண்டியது, ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கிட்டு அந்தக் கடைக்குப் போங்க, தனியா போகாதீங்க, கூடப் பின்னுறவங்க ரெண்டு பேரக் கூட்டிட்டுப் போங்க. 12 கொட்டான், குடுத்த தேதி, வந்த காசு, வரவேண்டிய காசு, எல்லாத்தையும் எழுதி அவங்க கையெழுத்த வாங்குங்க. விக்காத கொட்டான் அங்க இருந்தா எடுத்துக்கிட்டு வந்துருங்க, பூசணம் இல்லாம நல்லா இருந்தா எனக்குக் கொண்டாங்க, பத்திரிகை ஆபீஸ்ல என் நம்பர் குடுப்பாங்க.