நடுத்தரச் செறிவுள்ள கைச்சுருட்டின் தரத்தை எப்படி மதிப்பிடுவது?

கியூபாவின் ரோமியோ இ ஜூலியட்டா என்ற சுருட்டுப் பிராண்டின் ஷார்ட் சர்ச்சில் (124 மி.மீ. நீளம், ஏறத்தாழ 20 மி.மீ. தடிமன்) வகையை எடுத்துக்கொண்டால், பற்றவைக்கும் முன்பே பாதித் தீர்ப்பு கிடைத்துவிடும். விரலால் மெல்ல அழுத்தும்போது எங்கும் கட்டியோ பள்ளமோ தட்டுப்படக் கூடாது. நுனியை வெட்டி இழுத்தால் காற்று இலேசான தடையுடன் வர வேண்டும். காரம் தரும் லிகேரோ என்ற புகையிலை மெதுவாக எரிவதால் நடுவில் வைக்கப்படுகிறது. அது இடம் மாறினால் சுருட்டு ஒருபக்கமாக எரிந்து சுவை கெடும். புகையை உள்ளிழுக்காமல் வாயில் மட்டும் நிறுத்தி (அப்போதும் வாய்ப்புற்று அபாயம் நீங்காது), நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்தால் போதும்; அவசரப்பட்டால் சூடேறிக் கசக்கும். சாம்பல் உதிராமல் நிற்கும் நீளத்தைப் பலர் பெரிதாகப் பேசுகிறார்கள். நானோ, கடைசி மூன்றில் ஒரு பங்கிலும் மரமணமும் மெல்லிய இனிப்பும் நிலைக்கின்றனவா என்பதையே முதன்மையாகப் பார்ப்பேன்.