ஹெச்ஓஏ தேர்தலில் சின்னக் கூட்டமும் ஓர் இடம் பிடிப்பது எப்படி?

"கலிஃபோர்னியாவில் எங்கள் ஹெச்ஓஏ (வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கம்) போர்டின் ஐந்து இடங்களையும் வருஷா வருஷம் ஒரே கோஷ்டி பிடிக்கிறது. வாக்களிக்கும் முறையை மாற்றினால் நிலைமை மாறுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாறும். ஆனால் அதற்கு முன் உங்கள் பைலாஸை, அதாவது சங்கத்தின் விதிமுறைகளை, எடுத்துப் படியுங்கள். 120 வீடுகள் உள்ள எங்கள் குடியிருப்பில், பில்டர் எழுதிக் கொடுத்த பைலாஸிலேயே 'கியூமுலேட்டிவ் வோட்டிங்' அனுமதி இருந்தது. நான் உட்பட ஒருவரும் ஆறு வருஷம் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

சாதாரண முறையில் ஒரு வீட்டுக்கு ஐந்து வோட்டு, ஆனால் ஒரு வேட்பாளருக்கு ஒன்றுதான் போடலாம். 120 வீடும் வாக்களித்தால், கட்டுப்பாடான 61 வீடு ஐந்து இடத்தையும் அள்ளிக்கொண்டு போகும். மீதி 59 வீட்டுக்குப் பூஜ்யம். கியூமுலேட்டிவ் முறையில் அந்த ஐந்து வோட்டையும் ஒரே ஆளுக்குக் கொட்டலாம்.

தமிழ்நாட்டில் ராஜ்ய சபா தேர்தல் வரும்போதெல்லாம் "ஒரு இடத்துக்கு 34 எம்.எல்.ஏ. வேண்டும்" என்று செய்தியில் சொல்வார்களே, அதே கணக்குதான். ஆறு இடம் என்றால் 234-ஐ ஏழால் வகுத்து, அதற்கு மேல் வருகிற முழு எண். உங்களுக்கும் ஐந்து இடம்; எங்களைப் போல 120 வீடு என்று வைத்தால், 120-ஐ ஆறால் வகுத்தால் 20. 21 வீடு ஒன்றாக நின்றால் ஓர் இடத்தை யாராலும் தடுக்க முடியாது. என்ன, ராஜ்ய சபாவில் விருப்ப வரிசை உண்டு. ஒருவருக்கு மிஞ்சிய வோட்டு அடுத்தவருக்குப் போகும். இங்கே மிஞ்சியது மிஞ்சியதுதான்.

இதை நாங்கள் அடிபட்டுத்தான் கற்றோம். முதல் முறை 80 வீடுகள் வாக்களித்தன. எங்கள் பக்கம் 20 வீடு, 100 வோட்டு. ஆசை விடுமா? இரண்டு பேரை நிறுத்தி ஆளுக்கு 50 என்று பிரித்தோம். எதிர்த்தரப்பின் 60 வீடும் பழையபடி ஐந்து பேருக்கும் ஒவ்வொன்றாகப் போட்டதில் அவர்கள் எல்லோருக்கும் 60. எங்கள் இருவரும் அவுட். 80 பேர் வாக்களிக்கும்போது ஓர் இடத்துக்கு 14 வீடு போதும், இரண்டுக்கு 27 வேண்டும். இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது தோற்ற பிறகு. அடுத்த வருஷம் நான் ஒருவன் மட்டும் நின்றேன், 100 வோட்டோடு முதலிடம்.

உங்கள் போர்டு "இந்த வருஷம் இரண்டு, அடுத்த வருஷம் மூன்று" என்று தவணையாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று சொன்னால் உஷாராக இருங்கள். அனுபவசாலிகள் எப்போதும் இருப்பார்கள் என்று காரணம் சொல்வார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் 120 வீட்டில் மூன்று இடத்துக்கான தேர்தல் என்றால் உங்களுக்கு 31 வீடு தேவை, இரண்டு இடத்துக்கு என்றால் 41. முறையின் பெயர் மாறாமலே அதன் பல்லைப் பிடுங்கிவிடலாம்.

நடைமுறையைப் பொறுத்தவரை, கலிஃபோர்னியாவில் ஹெச்ஓஏக்களுக்கான டேவிஸ்-ஸ்டெர்லிங் சட்டம் கறாரானது. ரகசிய வாக்குச்சீட்டு, இரட்டை உறை, போர்டைச் சேராத தேர்தல் ஆய்வாளர், எல்லோர் முன்னிலையிலும் எண்ணிக்கை. வெளி உறையில் கையெழுத்துப் போட மறந்தால் அந்த வோட்டு போச்சு. எங்களுக்கு ஒரு முறை ஏழு உறை அப்படிப் போயிற்று, ஏழில் ஐந்து எங்கள் ஆட்கள். கோரம் (குறைந்தபட்சம் பங்கேற்க வேண்டிய உறுப்பினர் எண்ணிக்கை) கிடைக்காமல் தேர்தல் தள்ளிப்போனால், 2024 முதல் அடுத்த கூட்டத்துக்கு 20 சதவீதம் போதும். அப்புறம், இடங்களுக்கு மேல் வேட்பாளர்கள் இல்லையென்றால், உரிய அறிவிப்புகள் கொடுத்திருந்தால் தேர்தலே இல்லாமல் முடித்துவிடலாம். அதனால் நிற்க ஓர் ஆளை இப்போதே தேடுங்கள்.

பைலாஸில் இந்த முறை இல்லையென்றால் திருத்தம் வேண்டும். அதற்கும் உறுப்பினர்கள்தான் வாக்களிக்க வேண்டும், ஐந்து இடத்தையும் வைத்திருப்பவர்கள் அதற்குக் கை தூக்குவது கஷ்டம்.

நான் உள்ளே போய் என்ன சாதித்தேன் என்றால், பெயின்ட் ஒப்பந்தத்துக்கு மூன்று பேரிடம் விலை கேட்கலாம் என்றேன், 4-1 என்று தோற்றேன். ஆனால் அது மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) ஏறியது, வீட்டுக்காரர்கள் படித்தார்கள். அடுத்த தேர்தலில் இன்னும் ஒன்பது வீடு எங்களோடு வந்தது. மொத்தம் 29, அந்த முறை இரண்டு பேரை நிறுத்தினோம்.