கிருஷ்ணகிரியில் ஆசிரியர் பயிற்சி பெறும் நாங்கள் சிறார் கதைகளைப் பற்றி எப்படி விவாதிப்பது?

முதலில் ‘இந்தக் கதையின் நீதி என்ன?’ என்ற கேள்வியைக் கைவிடுங்கள். அதைக் கேட்டதுமே பேச்சு முடிந்துவிடுகிறது. தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என நிலை பிரித்து வெளியிட்ட சிறு நூல்களில் ஒன்றை எடுத்து ஒருவர் உரக்க வாசிக்கட்டும். எழுத்து சொல்லாமல் விட்டதைப் படம் எங்கே சொல்கிறது என்று தேடுங்கள்.

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு கேள்வி உண்டு. இதைத்தான் மிக முக்கியமாக நினைக்கிறேன். ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கங்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்கு இந்தக் கதையில் எந்த வரி தடுக்கும், எந்தப் படம் கைகொடுக்கும்? ஊகத்தோடு நிறுத்தாமல், கற்பித்தல் பயிற்சிக்குச் செல்லும் வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைகள் சொன்னதைக் குறித்துவந்து அதே கதையை மீண்டும் விவாதியுங்கள்.