பத்து ரூபாய் பாக்கெட், கிலோ என்ன விலை?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது, மகளுக்கு 9. காய்கறியைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். மாலையில் சிப்ஸ், பிஸ்கட். போதாததற்கு மாதம் ஒரு சத்துபான டப்பா. சத்துணவைப் பற்றி எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் காதில் ஏறவில்லை. மளிகைச் செலவும் கைமீறிப் போகிறது. சமையல் திட்டத்தையும் கடைச் செலவையும் பிள்ளைகளிடமே கொஞ்சம் விட்டுப்பார் என்கிறாள் என் தங்கை. எப்படித் தொடங்குவது? – ஒரு வாசகி, மதுரை

பதில்: எடுத்துச் சொல்வதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவிடுங்கள். வைட்டமின், நார்ச்சத்து எல்லாவற்றையும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குகிற பிள்ளைகள்தான் வீட்டுக்கு வந்து சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிறார்கள். சாப்பாடு அம்மாவின் கவலை, தின்பண்டம் தங்கள் உரிமை என்று அவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் தங்கை சொல்வது சரி. காசு கைக்கு வந்தால் அந்தக் கவலையில் கொஞ்சம் அவர்களுக்கும் வரும்.

வாரச் செலவு முழுவதையும் தூக்கிக் கொடுக்க வேண்டாம். மாலைச் சிற்றுண்டி, ஞாயிறு மதியச் சமையல் இரண்டை மட்டும் ஒப்படையுங்கள். இப்போது அவற்றுக்கு 400 ரூபாய் ஆகிறதென்றால் அதே 400 ரூபாயை ஓர் உறையில் போட்டுக் கொடுங்கள். குறைத்தால் தண்டனை என்று எடுத்துக்கொள்வார்கள். மிச்சத்தைப் பாக்கெட் மணியாகத் தராதீர்கள். வயிற்றைக் காயப்போட்டுக் காசு சேர்க்கிற பிள்ளைகள் உண்டு. மிச்சம் அடுத்த வாரத்து உறைக்குப் போகட்டும். பாட்டி யாருக்கும் தெரியாமல் கொடுக்கும் பத்து ரூபாயும் அந்த உறைக்குள்தான். பாட்டி வீட்டில் இருந்தால் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நான் பார்த்தவரை இந்தத் திட்டம் பெரும்பாலும் அங்கேதான் கவிழ்கிறது.

வெள்ளிக்கிழமை இரவு இருவரையும் அடுப்படிக்கு அழைத்து, டப்பாக்களைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அரை டப்பா பாசிப்பயறு, மறந்துபோன அவல், போன மாதத்து வேர்க்கடலை என்று ஏதாவது கிடைக்கும். பட்டியல் எழுதுவது அதற்குப் பிறகுதான். எழுதும்போது மூன்று கேள்விகள் போதும்: பருப்பு, பயறு, முட்டை, மீன் இவற்றில் ஏதாவது இருக்கிறதா? கீரையோ காயோ இருக்கிறதா? எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போல வைட்டமின் சி தரும் ஒன்று இருக்கிறதா? மூன்றாவது எதற்கென்றால், கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க அது உதவுகிறது. சுண்டலில் எலுமிச்சை பிழிவது ருசிக்கு மட்டுமல்ல என்று மகளிடம் சொல்லுங்கள். பிழிகிற வேலையையும் அவளிடமே விடுங்கள்.

அடுத்தது கடை. 10 ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டில் 25 கிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிலோ 400 ரூபாய் ஆகிறது. பக்கத்துக் கடையில் உருளைக்கிழங்கு கிலோ 40 ரூபாய்க்குக் கிடந்தால், பத்து மடங்கு. இந்தக் கணக்கை நீங்கள் போட்டுக் காட்டாதீர்கள், பையனே போடட்டும். இப்போது பல பாக்கெட்டுகளில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்திலேயே ஒரு கிராமின் விலையும் அச்சிட்டிருக்கும், அதைத் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள். அதே 10 ரூபாய்க்கு, கிலோ 100 ரூபாய் விலையில், 100 கிராம் கொண்டைக்கடலை கிடைக்கும். அதில் புரதம் ஏறத்தாழ 20 கிராம், அதாவது மூன்று முட்டைக்கு நிகர். அந்தச் சிப்ஸ் பாக்கெட்டில் 2 கிராம் தேறினால் அதிகம். கடலையை ஊறவைத்து வேகவைத்தால் இருவருக்கும் போதும்.

பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படிக்கப் பழக்குங்கள். சேர்மானங்களை எடை அதிகமுள்ளது முதலில் வரும்படி வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. முகப்பில் கேழ்வரகுக் கதிர் ஆடும். பின்னால் முதலில் மைதா, அடுத்து சர்க்கரை என்றிருந்தால் பிள்ளைகளுக்கே சிரிப்பு வந்துவிடும்.

சத்துபான டப்பாவுக்கு வருவோம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்றொரு வகையே கிடையாது. உங்கள் டப்பாவில் 100 கிராமுக்கு எவ்வளவு சர்க்கரை என்று பாருங்கள். 35 கிராம் என்றிருந்தால், ஒரு வேளைக்குப் போடும் 20 கிராம் தூளில் 7 கிராம் சர்க்கரை. ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி. புரதம் பெரும்பாலும் நீங்கள் ஊற்றும் பாலில்தான் இருக்கிறது: 200 மில்லியில் 6 கிராமுக்கு மேல். ஆனால் டப்பாவை ஒரே நாளில் பிடுங்கிவிடாதீர்கள். 'இந்த மாதம் டப்பா வேண்டுமா, இல்லை அந்தப் பணத்துக்கு முட்டையும் வாழைப்பழமுமா?' என்று கேட்டு, தேர்வை அவர்களிடமே விடுங்கள். முதல் மாதம் டப்பாதான் ஜெயிக்கும். ஜெயிக்கட்டும்.

நீங்கள் மதுரையில் இருப்பது ஒரு வசதி. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999இல் உங்கள் ஊரில்தான் தொடங்கியது. சந்தை விலைப்பலகையைப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டு வரட்டும். நாலு வாரம் போனால் தக்காளி ஏன் ஏறியது, முருங்கை எப்போது மலியும் என்று அவர்களே பேசுவார்கள். காயைத் தானே பொறுக்கி, விலை பார்த்து வாங்கியவன் அதைத் தட்டில் ஒதுக்கக் கொஞ்சம் கூசுவான். ஒரேயடியாக மாறிவிடுவான் என்று நான் சொல்ல மாட்டேன். என் வீட்டில் பாகற்காய் இன்றைக்கும் ஓரத்தில்தான் கிடக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். கலோரிக் கணக்கையும் பிள்ளையின் எடையையும் இதில் கொண்டுவராதீர்கள், வளர்கிற வயதில் அது வேறு வியாதியில் போய் முடியலாம். ஐந்தாறு பண்டங்களைத் தவிர எதையும் தொடாத பிள்ளை, வளர்ச்சி நின்றுபோன பிள்ளை என்றால் இந்த உறையெல்லாம் பிறகு. முதலில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

தப்பு செய்வார்கள். என் மகள் பத்து வயதில், உறை கைக்கு வந்த இரண்டாவது வாரமே, நிறத்தைப் பார்த்து மயங்கி டிராகன் பழம் இரண்டு வாங்கிவிட்டாள். வெட்டித் தின்றுவிட்டு, 'ஒன்றுமே ருசியில்லை' என்றாள். புதன்கிழமை உறை காலி. கூடுதலாகக் காசு வைக்கவில்லை, திட்டவும் இல்லை. மூன்று வேளைச் சாப்பாடு வழக்கம்போல நடந்தது. வியாழன் மாலை டப்பாக்களை உருட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து வந்து, வேர்க்கடலைக்கு உப்பு எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டாள்.